நிறத்தால் ஆண்மையை அளப்பவர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற பெற்றோர் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த மேடைக்குப் புதியது. நம் ஜமாஅத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் டொரண்டோவிலும் லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் படிக்கிறார்கள்; சிலர் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'அடோலசென்ஸ்' என்னும் நான்கு பாக ஆங்கிலத் தொடர் ஒன்று வெளியானது. பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன், தன் பள்ளி மாணவியைக் கொன்றதாகக் கைது செய்யப்படுவதே அதன் கதை. பிரித்தானியப் பள்ளிகளில் அதனை மாணவர்களுக்குக் காட்டும் ஏற்பாட்டை அந்நாட்டுப் பிரதமர் கியர் ஸ்டார்மரே வரவேற்றார். அத்தொடரில் 'இன்செல்' என்றொரு சொல் வருகிறது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இச்சொல்லுக்கு என்ன பொருள்? பிள்ளைகளிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போகிறார்கள்" என்று வினவினார்கள். அவர்களுக்குத் தனித்தனியே கூறியதை இங்கே எல்லோருக்குமாகச் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

தான் விரும்பாமலேயே பெண் துணை வாய்க்காமல் இருப்பவன் என்பது இச்சொல்லின் பொருள். இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டியது. இதனை உருவாக்கியவர் ஓர் ஆண் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1990களின் பிற்பகுதியில் கனடாவில் வாழ்ந்த ஓர் இளம்பெண், தனிமையில் வாடும் ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதற்காகத் தொடங்கிய முயற்சி அது. அவர் சில ஆண்டுகளில் அதிலிருந்து விலகித் தம் வாழ்க்கையைப் பார்க்கச் சென்றுவிட்டார். சொல் மட்டும் பிறர் கைகளுக்குப் போனது. அதில் பெண்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னர் பெண்கள் பகைவர்களாகவே ஆக்கப்பட்டார்கள். ஆறுதலுக்காகப் பிறந்த சொல் கொலைகாரர்கள் பெருமையுடன் சூடிக்கொள்ளும் பட்டமாக மாறியதற்கு இருபது ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை.

இக்கூட்டத்தாரின் கொள்கை மிக எளியது. ஓர் ஆணின் வாழ்வு அவன் பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. தாடையெலும்பின் அமைப்பு, உயரம், மணிக்கட்டின் பருமன், கண்ணின் சாய்வு, தோலின் நிறம் ஆகியவையே அதனைத் தீர்மானிக்கின்றன. உழைப்போ நற்குணமோ கல்வியோ எதையும் மாற்றாது. பெண்கள் அனைவரும் மேல்தட்டிலுள்ள சில ஆண்களையே நாடுகிறார்கள் என்பதே அது. இந்த நம்பிக்கையின்மைக்குக் 'கறுப்பு மாத்திரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை விழுங்கியவனுக்கு உண்மை புலப்படுமாம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த மேல்தட்டு எதனால் ஆனது என்பதை. அவர்கள் மொழியில் எல்லாப் பெண்களையும் கவரும் ஆணுக்குச் 'சாட்' என்று பெயர். சாட் என்றாலே வெள்ளையன். மற்ற இனத்து அழகனுக்குத் தனிப் பெயர் தேவைப்படுகிறது: கறுப்பினத்தவனாயின் 'டைரோன்', சீனனாயின் 'சாங்', நம் துணைக்கண்டத்தவனாயின் 'சாட்ப்ரீத்'. தோற்றவர்களுக்கும் இவ்வாறே இனவாரியாகப் பெயர்கள் உண்டு. கிழக்காசியனை 'ரைஸ்செல்' என்பர், அதாவது சோற்றைச் சொல்லி இழிப்பது. இந்தியன், பாகிஸ்தானி, வங்கதேசத்தவன், இலங்கையன் ஆகியோருக்குக் 'கறிசெல்'. நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் குழம்பைக் கொண்டு நம் பிள்ளைக்கு இட்ட பெயர் அது. 'வெள்ளையனாக இரு, அது போதும்' என்பதை மூன்று எழுத்துகளில் சுருக்கி ஒரு சூத்திரமாகவே ஓதுகிறார்கள்.

இதை ஓதுபவர்கள் வெள்ளையர் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தம்மை இன்செல் என்று கூறிக்கொள்ளும் 561 ஆண்களிடம் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. அதில் பத்துப் பேரில் நால்வர் வெள்ளையரல்லாதோர். வெள்ளை இனவெறியரின் கூட்டம் என்று ஊடகங்கள் எளிதாக எழுதிவிடுகின்றன. இனவெறி அங்கே நிரம்பியிருப்பது உண்மையே. ஆயினும் அந்த இனவெறியால் அடிபட்டவனே அதே இனவெறியை வேதம்போல் ஏற்றுக்கொண்டு அங்கு அமர்ந்திருக்கிறான். இதுவே நம்மைக் கலங்கச் செய்கிறது.

இவ்வகைக் கொலைகளில் முதலில் உலகம் அறிந்தது 2014ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள இஸ்லா விஸ்டாவில் நிகழ்ந்தது. இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் ஆறு பேரைக் கொன்று, பதினான்கு பேரைக் காயப்படுத்தி, தன்னையும் மாய்த்துக்கொண்டான். அவனுடைய பெயரை நாம் இங்கே கூறப்போவதில்லை. காரணம் பின்னர் வரும். அவன் தந்தை பிரித்தானிய வெள்ளையர். தாய் மலேசியாவைச் சேர்ந்த சீனப் பெண்மணி. அவன் நூற்று முப்பது பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தில் தனக்குப் பெண் துணை கிட்டாத ஆத்திரம் ஓடுகிறது. அதனூடே மற்றொன்றும் ஓடுகிறது: தாயிடமிருந்து வந்த பாதியின் மீது அவனுக்கிருந்த வெறுப்பு. தான் முழு வெள்ளையனாகப் பிறக்காததை எண்ணி ஏங்கியவன், சிறுவயதிலேயே பெற்றோரை வற்புறுத்தித் தலைமுடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டான். கறுப்பின இளைஞன் வெள்ளைப் பெண்ணுடன் பழகினால், ஆசிய இளைஞன் வெள்ளைப் பெண்ணுடன் பேசினால், அவனுக்குத் தாங்கவில்லை. 'இவனுக்குக் கிடைக்கிறது, பாதி வெள்ளையனான எனக்கு ஏன் கிடைக்கவில்லை' என்பதே அவன் கேள்வி.

பெண்களைப் பழிவாங்கப் போவதாக அறிவித்தவன் அவன். ஆனால் அவன் கையால் மடிந்த ஆறு பேரில் நால்வர் ஆண்கள். அந்நால்வரில் மூவர் அவன் தங்கியிருந்த இல்லத்தில், முதலாவதாக, கத்தியால் குத்தப்பட்டு மாண்டவர்கள். மூவரும் சீன வம்சாவளி மாணவர்கள். தன் முகத்தில் எதைக் கண்டு வெறுத்தானோ அதையே அவர்கள் முகத்திலும் கண்டான். இச்செய்தியைப் பலரும் விரைந்து கடந்து போய்விட்டார்கள். நம்மால் அவ்வாறு கடந்து போக இயலவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2018 ஏப்ரல் 23ஆம் நாள் டொரண்டோ நகரின் யங் தெருவில், இருபத்தைந்து வயதுடைய ஒருவன் வாடகை வேனை நடைபாதையில் ஏற்றி ஓட்டினான். அன்று இறந்தோர் பத்துப் பேர். எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள். காயமுற்ற பெண் ஒருவர் 2021இல் இறந்தார். கொரியாவில் பிறந்தவர், ஜோர்டானில் பிறந்தவர், இலங்கையிலிருந்து குடியேறிய ஒரு தாய் ஆகியோரும் மாண்டவர்களில் அடங்குவர். அவன் வண்டியை எடுக்குமுன் இஸ்லா விஸ்டாக் கொலைகாரனைப் புகழ்ந்து எழுதியிருந்தான். வழக்கை விசாரித்த நீதிபதி ஆன் மொலாய் அம்மையார், இவன் பேர் வாங்கவே இதனைச் செய்தான், இன்செல் இயக்கத்தின் பெயரையும் அதற்காகவே பயன்படுத்திக்கொண்டான் என்று கண்டு, 2021இல் வழங்கிய தீர்ப்பில் அவன் பெயரைக் குறிப்பிடாமல் 'ஜான் டோ' என்றே எழுதினார். பெயரற்றவனுக்கு ஆங்கிலேயர் வழக்கில் இடும் பெயர் அது. அந்த அம்மையாரின் முறையையே நாமும் இங்கே பின்பற்றுகிறோம்.

2020இல் அதே டொரண்டோவில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு பெண்ணை வாளால் வெட்டிக் கொன்றான். 2023இல் கனடா நீதிமன்றம் அதனைப் பயங்கரவாதச் செயல் என்றே தீர்ப்பளித்தது. இக்கொள்கையின் பெயரால் நடந்த கொலையொன்று அந்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்டது அதுவே முதல்முறை. 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒருவன் முதலில் தன் தாயைச் சுட்டுக் கொன்றான். பிறகு மூன்று வயதுக் குழந்தை உள்ளிட்ட நால்வரைக் கொன்றுவிட்டுத் தானும் இறந்தான். இக்கொலைகளைப் பற்றி இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை.

பெரியோர்களே! இவர்கள் பிடித்திருக்கும் இந்த அளவுகோலை யார் செய்தார்கள்? வெள்ளையன் முதலில், சீனன் கடைசியில், இந்தியன் அவனுக்கு அருகில் என்பது இயற்கை வகுத்த வரிசையா? வரலாற்றைப் புரட்டினால் ஆண்டும் தேதியும் முத்திரையும் இட்ட சட்டங்களாகவே அந்த வரிசை அகப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவில் தங்கம் எடுக்கவும், பின்னர் இருப்புப்பாதை போடவும் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் சென்றார்கள். மலையைக் குடைந்து வெடி வைத்துப் பாதை அமைத்தவர்கள் அவர்கள். அவ்வேலை செய்தபோது அவர்களை எவரும் மெலிந்தவர் என்று கூறவில்லை. வேலை முடிந்தது, வெள்ளைத் தொழிலாளர்களுக்குப் போட்டியாகிவிட்டார்கள் என்ற கூச்சல் எழுந்தது. சுரங்கங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். எஞ்சியவை வெள்ளை ஆண்கள் செய்ய விரும்பாத இரு வேலைகள்: துணி வெளுப்பது, சமைப்பது. அவற்றைச் செய்யத் தொடங்கியதும் 'பெண்கள் வேலை செய்பவன், ஆண்மையற்றவன்' என்று பத்திரிகைகளில் சித்திரம் வரைந்து சிரித்தார்கள்.

1875இல் வந்த பேஜ் சட்டம் ஒழுக்கத்தைக் காரணம் காட்டிச் சீனப் பெண்கள் அமெரிக்காவிற்கு வருவதை ஏறத்தாழ முற்றிலும் அடைத்துவிட்டது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் வருவதே தடை செய்யப்பட்டது. அத்தடை 1943 வரை நீடித்தது. சீனர் வெள்ளைப் பெண்ணை மணப்பதற்கு உரிமம் வழங்கக் கூடாது என்று 1880இல் கலிஃபோர்னியா சட்டம் செய்தது. 1948இல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இத்தகைய தடையைத் தள்ளியது. சொந்த நாட்டுப் பெண் வர முடியாது. வந்த நாட்டுப் பெண்ணை மணக்க முடியாது. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு சீனப் பெண்ணுக்கு ஏறத்தாழ 27 சீன ஆண்கள் இருந்தார்கள்.

விரும்பாமல் துணையற்றிருந்த ஆண்கள் என்று உலகில் யாரையேனும் உண்மையாகச் சொல்ல வேண்டுமானால் அவர்களைச் சொல்லலாம். தாடை கோணலாக இருந்ததாலா அவர்களுக்கு மனைவி அமையவில்லை? அரசாங்கம் கதவை அடைத்ததால் அமையவில்லை. சிலருக்கு ஊரில் மனைவி இருந்தும் முப்பது நாற்பது ஆண்டுகள் முகம் பாராமல் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினார்கள். ரங்கூனுக்கும் மலாயாவிற்கும் சபர் போன நம் பாட்டன்மார்களின் வீடுகளில் இந்த ஏக்கம் இருந்தது. வளைகுடாவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகும் சகோதரர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு நாம் இதனை விளக்கத் தேவையில்லை.

அந்தச் சீனர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். மாவட்டவாரியாகச் சங்கம் அமைத்தார்கள். புதிதாக வந்தவனுக்குத் தங்க இடமும், இறந்தவனின் எலும்பை ஊருக்கு அனுப்ப வழியும் செய்தார்கள். நீதிமன்றம் சென்றார்கள். சான்பிரான்சிஸ்கோ நகராட்சி மரக்கட்டடங்களில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்று விதி செய்து, சீனர் ஏறத்தாழ இருநூறு பேருக்கு அதனை மறுத்தது. மற்றவர்களில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் வழங்கியது. இதனை எதிர்த்து நடந்த இக் வோ வழக்கில் 1886ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சீனர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்து நேர்மையாகத் தோன்றினாலும் அதனைச் செலுத்தும் கை வஞ்சகமானால் அது செல்லாது என்ற அந்தத் தீர்ப்பு, பிற்காலத்தில் எல்லா இனத்தவருக்கும் பயன்பட்டது. வோங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் 1898இல் வென்ற வழக்கினால்தான், அந்நாட்டில் பிறந்த குடியேறியோர் பிள்ளைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை உறுதியாயிற்று. துணி வெளுத்தவரும் சமைத்தவரும் செய்த காரியங்கள் இவை. ஆண்மையற்றவர் என்று பரிகசிக்கப்பட்டவர்கள்தாம்!

இந்த அளவுகோல் எவ்வளவு பொய்யானது என்பதற்கு இன்னொன்று கூறுகிறோம். சீனரை ஆண்மையற்றவர் என்ற அதே கலிஃபோர்னியா, சில பத்தாண்டுகள் கழித்துத் தோட்ட வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்களை 'ஆண்மை மிகுந்து வெள்ளைப் பெண்களைக் கெடுப்பவர்கள்' என்றது. 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்ற ஊரில், வெள்ளைப் பெண்கள் பணியாற்றிய நடன அரங்கிற்குப் பிலிப்பினோக்கள் செல்கிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, வெள்ளையர் கூட்டம் பல நாட்கள் அவர்களைத் தேடித் தேடி அடித்தது. ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் வெள்ளைப் பெண்களை மணக்கலாம் என்று 1933இல் நீதிமன்றம் கூறியதும், சட்டமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி 'மலாய் இனம்' என்பதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒருவன் குறைந்துவிட்டான், மற்றொருவன் மிகுந்துவிட்டான். அளந்து சொன்னவன் மட்டும் எப்போதும் சரியான அளவில் நின்றான்.

கறுப்பின ஆணுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. வெள்ளைப் பெண்ணை நோக்கினான் என்ற ஒற்றைக் குற்றச்சாட்டே மரத்தில் தூக்கிலிடப் போதுமானதாக இருந்தது. 1892இல் மெம்பிஸ் நகரில் மூன்று கறுப்பினத்தவர் கும்பலால் கொல்லப்பட்டபோது, அவர்களை அறிந்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அம்மையார் விசாரித்து எழுதினார்: அவர்கள் நடத்திய மளிகைக் கடை வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்ததே காரணம். இப்படிப் பல கொலைகளை ஆராய்ந்து, பெண்ணின் மானம் என்பது பெரும்பாலும் சாக்கு என்று அவர் நிறுவினார். அவருடைய அச்சகம் சூறையாடப்பட்டது. 1955இல் மிசிசிப்பியில் பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில், கடைக்கார வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லிக் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொலையாளிகளை விடுவித்தது. சில மாதங்களில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு ஒரு சஞ்சிகையில் தாங்களே கொன்றதாகக் கூறினார்கள். 'டைரோன்' என்று இன்று வேடிக்கையாகப் பெயரிட்டு, கறுப்பினத்தவனுக்கு உடல் வலிமை ஒன்றே உண்டு என்று எழுதுபவன், அந்தத் தூக்குக்கயிற்றின் மறுமுனையைத் தான் பிடித்திருப்பதை அறியமாட்டான்.

நம் நாட்டிலும் ஆங்கிலேயன் இந்த வித்தையைக் காட்டினான். 1857க்குப் பிறகு இந்திய இனங்களை 'வீர இனம்', 'வீரமற்ற இனம்' என்று பிரித்தான். வங்காளி பெண்மை மிகுந்தவன் என்றான். மதராஸ் சிப்பாய்கள் 1757இல் பிளாசியில் கிளைவுக்காகப் போரிட்டவர்கள். அவர்களும் 1880களில் தளபதி ராபர்ட்ஸ் பார்வையில் போருக்கு ஆகாதவர்களாகிவிட்டார்கள். மதராஸ் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பதிந்தார். இன்று கனடாவில் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று தன் மூக்கை அளக்கும் நம் பையன், தர்ஸ்டனின் வேலையைக் கூலியின்றிச் செய்துகொண்டிருக்கிறான்.

அவர்கள் குறையில் உண்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதை மறைத்துப் பேசினால் அப்பிள்ளைகள் நம் பேச்சை ஒரு நிமிடம்கூடக் கேட்கமாட்டார்கள். ஓகே கியூபிட் என்ற அமெரிக்க இணை தேடும் நிறுவனம், தன்னிடம் பதிந்தவர்கள் யார் யாருக்கு மறுமொழி அனுப்புகிறார்கள் என்ற கணக்கை 2009இல் வெளியிட்டது. வெள்ளை ஆண்களுக்கு மறுமொழி அதிகம். ஆசியருக்கும் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் குறைவு. நிறத்தால் ஒதுக்கப்படுவது கற்பனை அன்று. இந்தக் கணக்கைத்தான் இவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் அதே கணக்கின் மறுபாதியை அவர்கள் எடுத்துக் காட்டுவதில்லை. எல்லோரைக் காட்டிலும் குறைவாக மறுமொழி பெற்றவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களோ பிறருக்கு மறுமொழி எழுதுவதில் முதலிடத்தில் இருந்தவர்கள். ஒதுக்கப்படுதல் மனிதனைக் கொலைகாரனாக்கும் என்ற வாதம் உண்மையானால், முதலில் அந்தப் பெண்கள் அல்லவா ஆயுதம் எடுத்திருக்க வேண்டும்? அப்படி ஒரு கூட்டமும் அவர்களிடையே எழவில்லை. புறக்கணிப்பின் வலி இருவருக்கும் பொதுவானது. ஆணுக்குப் பெண் ஒரு கூலி, ஒரு பங்கு, கொடுத்தே தீர வேண்டிய கடன் என்னும் எண்ணம் இந்த ஆண்களிடம் மட்டுமே இருக்கிறது. வலியோடு அந்த எண்ணம் சேரும்போதுதான் நஞ்சாகிறது.

அந்த நஞ்சு தம் இனத்துப் பெண்கள் மீதே முதலில் கொட்டப்படுகிறது. சீன வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் செலஸ்ட் இங் வெள்ளையர் ஒருவரை மணந்தவர். அதற்காக ஆசிய ஆண்கள் சிலர் தமக்கும் தம்மைப் போன்ற பெண்களுக்கும் எழுதிய வசைகளை 2018இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய சிறு மகனின் தோற்றத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இனத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தம் இனத்துக் குழந்தையின் முகத்தைப் பழிப்பதை என்னவென்று சொல்வது!

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். கறிசெல் என்ற பெயரைக் கேட்டு நமக்குக் கோபம் வருகிறது. நம் கல்யாண விளம்பரங்களில் 'நல்ல நிறமான பெண் தேவை' என்று அச்சிடுகிறோமே, அது எந்த அளவுகோல்? 2005இல் ஆண்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்ற வெளுக்கும் களிம்பு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பெரிய நடிகரே அதற்கு விளம்பரத்தில் தோன்றினார். பேரப்பிள்ளையைத் தொட்டிலில் பார்த்தவுடன் "கறுத்துப் பிறந்துவிட்டானே" என்று சொல்லும் பாட்டிமார்கள் இந்தத் திரைக்கு அப்பாலும் இருக்கலாம், இப்பாலும் தாத்தாமார்கள் இருக்கலாம். அப்பிள்ளை டொரண்டோவில் வளர்ந்து பதினைந்து வயதில் 'வெள்ளையனாக இரு, அது போதும்' என்று படிக்கும்போது, அது அவனுக்குப் புதுச் செய்தியாக இருக்காது.

ஆண்மை என்ற சொல்லையும் சற்று நினைத்துப் பாருங்கள். தமிழில் தாளாண்மை என்கிறோம், அது முயற்சி. வேளாண்மை என்கிறோம், அது உழவும் ஈகையும். மேலாண்மை என்பது பொறுப்பேற்று நடத்துவது. இவை எவற்றிலும் தாடையெலும்பும் இல்லை, தோலும் இல்லை. பெண் ஒருத்தி நம்மைத் திரும்பிப் பார்த்தாளா என்ற கேள்வியும் இல்லை. சலவைக் கடை வைத்து வழக்கு நடத்தியவரிடம் இருந்தது இந்த ஆண்மைதான்.

வாலிபர்களைப் பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. இக்கூட்டத்தில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் கொல்லப்போவதில்லை. அவர்களால் முதலில் அழிவது அவர்களே. நாம் முன்னர் கூறிய அந்த ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கடந்த இரண்டு வாரங்களில் நாள்தோறும் தற்கொலையை எண்ணியதாகக் கூறினார். ஆகவே, உங்கள் மகன் இச்சொற்களில் ஒன்றைச் சொல்லக் கேட்டால், உடனே பயங்கரவாதியைக் கண்டதுபோல் அலறாதீர்கள். 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்று அவசரப்பட்டு ஒரு வீட்டுப் பெண்ணை இழுத்து வராதீர்கள். ஆணின் நோய்க்குப் பெண் மருந்தல்லள், அவளும் ஒருவர் பெற்ற பிள்ளை. அவன் முகத்தைக் கேலி செய்தவர் யார், எப்போதிருந்து அறையைப் பூட்டுகிறான், யாரோடும் விளையாடப் போவதை ஏன் நிறுத்தினான் என்று கேளுங்கள். தந்தைமார்கள் கேளுங்கள், தாயிடமே விட்டுவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறான் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பேசவும் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பிரித்தானியாவில் 116 123. நம் நாட்டில் அரசின் டெலி மானஸ் சேவை 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இவ்வெண்களை ஜமாஅத் அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுமாறு செயலாளர் அவர்களிடம் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இன்றிரவே குறித்து அனுப்பிவிடுங்கள். வாலிபர்களில் எவருக்கேனும் தனியாகப் பேச வேண்டுமென்றிருந்தால், இஷாவுக்குப் பின் நாம் பள்ளியின் மேல்மாடி அறையில்தான் இருப்போம்.